கருவி எழுதும் நிரலும் கை எழுதும் குறிப்பும்

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

முன்னுரை

கணிப்பொறிக்கென வகுக்கப்பெற்ற முதல் நிரல் எனப் பலரும் கருதுவது ஒரு கட்டுரையின் பின்குறிப்பில் இடம்பெற்றதாகும். 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அடா லவ்லேஸ் அம்மையார், சார்லஸ் பாபேஜின் பகுப்புப் பொறியைப் பற்றி இத்தாலியரான மெனபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பெயர்த்ததோடு நில்லாமல் ஏழு குறிப்புகளையும் சேர்த்தார். அக்குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட நீண்டவை. பெர்னூலி எண்களை அப்பொறி எவ்வாறு கணிக்க வேண்டும் என்னும் அட்டவணை ஏழாவது குறிப்பில் உள்ளது. பாபேஜின் காலத்தில் அப்பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை. குறிப்பு மட்டும் நிலைத்து நின்றது.

இன்று நிலைமை வேறு. நாம் கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. குறிப்பெழுதும் பழக்கமோ குறைந்து வருகிறது. "எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொள்ளுமே, ஏடு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்களுக்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை. நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் இவ்வாண்டு ஒரு மாணவர் விடுதியின் உணவுக் கணக்குக்கான மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு செய்தோம். அப்பணியில் கண்டதையும், இத்துறையில் அறிஞர் கூறியுள்ளவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கருவிகள் வந்த வழி

2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பை வெளியிட்டனர். இன்றைய மொழிக் கருவிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. 2021 ஜூன் மாதத்தில் கிட்ஹப் கோப்பைலட் முன்னோட்டமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியாயிற்று. முதலில் வந்தவை நாம் எழுதும் வரியை முடித்துக் கொடுத்தன. 2025இல் வெளிவந்த கிளாட் கோட் போன்றவை கோப்புகளைத் தாமே திறந்து படித்து, நிரலை எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திருத்தவும் செய்கின்றன. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி என்னும் அறிஞர், நிரலை வரி வரியாகப் பாராமல் கருவி தந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு செல்லும் போக்குக்கு "வைப் கோடிங்" என்று பெயர் சூட்டினார். பெயர் உலகெங்கும் பரவிவிட்டது.

இக்கருவிகள் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். ஏராளமான நூல்களையும் நிரல்களையும் படிக்கச் செய்து, ஒரு தொடருக்குப் பின் எது வரக்கூடும் என்று கணிக்கும் ஆற்றலை இவற்றுக்கு ஊட்டியுள்ளனர். நாம் எழுதும் வினாவும், திறந்து காட்டும் கோப்புகளும் கருவியின் பார்வைக்குள் வருகின்றன. அந்தப் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் வராத ஒன்றைக் கருவி அறியாது. அறியாத இடத்தில் பெரும்பாலும் நின்று கேட்பதில்லை. உலக வழக்கில் பெரிதும் காணப்படுவதை இட்டு நிரப்பிவிடுகிறது. உலக வழக்கும் நம் வழக்கும் ஒன்றாக இருந்தால் வேலை நொடியில் முடியும். வேறாக இருந்தால் என்ன நேரும்? ஒரு கணக்கைக் கொண்டு காண்போம்.

விடுதிக் கணக்கு

விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு "டிவைடிங் சிஸ்டம்" என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் ஆன உணவுச் செலவை மாணவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை அது. எளிய எடுத்துக்காட்டாக, 60 மாணவர், 30 நாள், மொத்தச் செலவு 1,02,000 ரூபாய் எனக் கொள்வோம். 40 பேர் மாதம் முழுவதும் உண்டனர். 20 பேர் ஆளுக்கு ஐந்து நாள் ஊருக்குச் சென்றிருந்தனர்.

செலவை 60ஆல் வகுத்தால் தலைக்கு 1,700 ரூபாய். விடுதி வழக்கமோ அதுவன்று. எல்லோரும் உண்ட நாள்களைக் கூட்டினால் 1,700 நாள். செலவை அதனால் வகுக்க, ஒரு நாளுக்கு 60 ரூபாய். முழுமாதம் உண்டவர் 1,800 ரூபாயும், ஐந்து நாள் இல்லாதவர் 1,500 ரூபாயும் தர வேண்டும். கூட்டிப் பார்த்தால் 72,000மும் 30,000மும் சேர்ந்து 1,02,000 சரியாக வரும். தலையெண்ணிக்கையால் வகுத்தாலும் அதே தொகைதான் வரும். ஆனால் ஊருக்குச் சென்ற மாணவர் ஒவ்வொருவரும் உண்ணாத உணவுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கட்டுவர். மொத்தம் சரியாக இருப்பதால் மட்டும் கணக்கு நேர்மையானது ஆகிவிடாது.

நாள் கணக்கு முறையை எழுதிக் கொடுத்ததும் கருவி சில நிமிடங்களில் நிரலைத் தந்தது, அழகாகவும் எழுதியிருந்தது. அடுத்த விதியையும் சேர்க்கச் சொன்னோம். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ இல்லாதவருக்கே கழிவு உண்டு. ஓரிரு நாள் விடுப்புக்குக் கழிவில்லை. இதற்கும் நிரல் வந்தது. அந்நிரலைச் சோதிக்க 14 சோதனைகளையும் கருவியே எழுதி ஓட்டிக் காட்டியது. பதினான்கும் தேறின.

இங்கேதான் எங்கள் குறிப்பேடு வேலை செய்தது. தொடக்கம் முதலே எங்கள் ஏட்டில் "கேட்க வேண்டியவை" என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம். ஐயம் தோன்றும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதுவோம். வாரம் ஒருமுறை விடுதிக் கணக்கரிடம் சென்று கேட்போம். அதில் ஒரு வரி: "மாதக் கடைசியில் போய் அடுத்த மாதம் வருபவருக்கு எப்படி?"

கணக்கர் சிரித்தார். "தம்பி, லீவுக்கு மாசம் தெரியுமா? ஊருக்குப் போன பையன் திரும்பி வர்ற வரைக்கும் அது ஒரே லீவுதான். அவன் எந்த மாசம் வந்து கையெழுத்துப் போடுறானோ, அந்த மாசக் கணக்குல மொத்தமாக் கழிச்சிருவேன்" என்றார்.

கருவியின் நிரலோ ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பார்த்தது. ஒருவர் ஆகஸ்டு 30, 31, செப்டம்பர் 1, 2 ஆகிய நான்கு நாளும் இல்லை என வைத்துக்கொள்வோம். நிரலின் கண்ணுக்கு ஆகஸ்டில் இரண்டு நாள், செப்டம்பரில் இரண்டு நாள். இரண்டுமே மூன்றுக்குக் குறைவு, கழிவு இல்லை. நாளுக்கு 60 ரூபாய் எனின் 240 ரூபாய் அம்மாணவர் கணக்கில் ஏறிவிடும். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்த்துப் படிக்கும் ஒருவருக்கு 240 ரூபாய் சிறு தொகையன்று. மேலும், ஆகஸ்டுக் கணக்கு முடிக்கும் நாளில் அவர் ஊரிலிருந்து திரும்பியே இருக்கமாட்டார். எனவே ஆகஸ்டுக் கணக்கிலேயே இதைத் தீர்க்கவும் இயலாது. "திரும்பி வந்த மாதத்தில் கழிப்பது" என்னும் கணக்கரின் வழக்கம் பல ஆண்டு அனுபவத்தில் கண்ட தீர்வு. அது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பதினான்கு சோதனைகளும் தேறியது எவ்வாறு எனில், சோதனைகளை எழுதியதும் அதே கருவிதான். நிரலில் இருந்த அதே எண்ணமே சோதனையிலும் இருந்தது. வினாத்தாளையும் விடைத்தாளையும் ஒருவரே எழுதினால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதானே!

இரண்டு ஆய்வுகள்

கருவியால் வேலை விரைகிறதா என்னும் வினாவுக்கு ஆராய்ச்சியாளர்கள் கூறும் விடைகள் முதற்பார்வையில் முரண்படுகின்றன. கோப்பைலட் பற்றி 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 95 நிரலாளர்கள் கலந்துகொண்டனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஓர் எச்டிடிபி சர்வர் எழுதுவது அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. கருவியைப் பயன்படுத்தியோர் 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர்.

2025 ஜூலையில் மீட்டர் என்னும் அமைப்பு வெளியிட்ட ஆய்வு வேறுவகை. தாம் பல்லாண்டு உழைத்த பெரிய திறமூல மென்பொருள்களில் தேர்ந்த 16 பேர், 246 பணிகளைச் செய்தனர். கருவியால் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று முன்னரே மதிப்பிட்டனர். முடித்த பின்னும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே எண்ணினர். அளந்து பார்த்தபோது 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகியிருந்தது! இம்முடிவு எல்லா வேலைக்கும் எல்லா நிரலாளருக்கும் பொருந்தும் என்று அவ்வாய்வாளர்களே கூறவில்லை. கருவிகளும் அதன்பின் வளர்ந்துள்ளன.

என் கருத்தில் இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. எச்டிடிபி சர்வர் என்பது உலகறிந்த பொருள். அதன் விதிகள் அனைத்தும் எழுத்தில் உள்ளன. பழைய பெரிய மென்பொருளிலோ எழுதப்படாத வழக்கங்கள் மிகுதி. அவை அங்கு உழைத்தவர் மனத்தில் உள்ளன. கருவியின் பார்வைக்கு வருவதில்லை. எழுதப்பட்டது எவ்வளவோ அவ்வளவுக்கே கருவி உதவும் என்பது இவற்றிலிருந்து நான் கொள்ளும் பாடம். மற்றொன்றும் உண்டு. விரைந்தோம் என்ற உணர்வை நம்பலாகாது. நேரத்தைக் குறித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

நவூர் கூறியது

டென்மார்க் நாட்டுக் கணிப்பொறியறிஞர் பீட்டர் நவூர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கம் என்பது நிரலின் வரிகளை உண்டாக்குவது அன்று. அவ்வேலையைப் பற்றிய ஒரு கோட்பாட்டை, ஒரு முழுப் புரிதலை, மனத்தில் கட்டுவதே என்பது அவர் கொள்கை. அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டினார். ஒரு குழு ஒரு கம்பைலரை நன்கு அமைத்தது. மற்றொரு குழு அதை விரிவாக்க முன்வந்தது. முழு ஆவணங்களும் விளக்கத்தோடு கூடிய நிரலும் இரண்டாவது குழுவின் கையில் இருந்தன. இருந்தும் அவர்கள் முன்வைத்த மாற்றங்கள் பல, அமைப்பில் ஏற்கெனவே இருந்த வசதியைப் பயன்படுத்தாமல் மேலொட்டாக ஒட்டுபவையாக அமைந்தன. முதற்குழுவினர் பார்த்தவுடன் அதைக் கண்டுகொண்டனர்.

இது நம் கட்டுரைக்கு இடையூறான சான்று போலத் தோன்றும். முழு ஆவணம் இருந்தும் போதவில்லை எனின், குறிப்பெழுதி என்ன பயன்? இதற்கு இரண்டு விடை. முதலாவது, குறிப்பேடு மனிதப் புரிதலுக்கு மாற்றாகாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணக்கரின் ஏட்டை மட்டும் பெற்றுக்கொண்டு அவரை நேரில் காணாமல் இருந்திருந்தால், "லீவுக்கு மாசம் தெரியுமா?" என்ற சொல் எங்களுக்குக் கிடைத்திராது. இரண்டாவது, குறிப்பெழுதும் செயலே புரிதலைக் கட்டுகிறது. அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, ஐயத்தை ஒரு வரியாக எழுதியதால்தான். குறிப்பின் முதற்பயன் எழுதுபவருக்கு. அடுத்த பயனே படிப்பவருக்கு.

குறிப்பெழுதும் முறை

ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 சிறு தாள்களில் குறிப்பெழுதி மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். ஒவ்வொரு தாளுக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. ஒரு தாளுக்குப் பின் புதுக்கருத்து தோன்றினால் எண்ணுடன் எழுத்தைச் சேர்த்து இடையில் செருகுவார். தொடர்புள்ள தாளின் எண்ணையும் அதில் குறிப்பார். தலைப்புவாரியாகப் பிரிக்காமல் தொடர்புவாரியாகக் கோப்பது அவர் முறை. தம் பெட்டியைத் தம்மோடு உரையாடும் துணையாகக் கருதி 1981இல் ஒரு கட்டுரையும் எழுதினார். இன்று அப்சிடியன் முதலிய குறிப்பு மென்பொருள்கள் இத்தகைய இணைப்புகளைத் திரையில் செய்ய உதவுகின்றன.

ஆனால் பொருள் ஒன்றைச் செய்து பிறர் கையில் தரும் வேலைக்கு அவ்வளவு பெரிய பெட்டி தேவையில்லை. நாங்கள் நான்கு வகைக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

முதலாவது, முடிவுக் குறிப்பு. எந்த நாளில், என்ன முடிவு, ஏன், யார் சொல்லி, எந்த வழி விலக்கப்பட்டது என்பவை அதில் இருக்கும். மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011இல் எழுதிய கட்டுரையின் வாயிலாக இவ்வகைக் குறிப்பு மென்பொருள் உலகில் பரவியது. முடிவு மாறினால் பழைய குறிப்பை அழிக்கலாகாது. "இது மாறிவிட்டது, புதியதைக் காண்க" என்று எழுத வேண்டும். அழித்துவிட்டால், விலக்கிய வழியையே பின்வருவோர் மீண்டும் புதிது என எண்ணிக் கொண்டுவருவர்.

இரண்டாவது, சொற்குறிப்பு. "நாள்" என்றால் என்ன? காலையில் உண்டு மாலையில் ஊருக்குப் போனவர் அன்று இருந்தவரா, இல்லாதவரா? எங்கள் கணக்கில் ஒரு வேளை உண்டாலும் அது ஒரு நாள். இத்தகைய சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

மூன்றாவது, மேலே கூறிய ஐயக் குறிப்பு.

நான்காவது, நாட்குறிப்பு. அன்று என்ன செய்தோம், எது ஓடவில்லை, எவ்வளவு நேரமாயிற்று என்பவை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் உள்ளே சிக்கிய ஒரு விட்டிற்பூச்சியை அங்குப் பணியாற்றியோர் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தனர். அந்த ஏடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிழையைக் கண்டதும் குறித்து வைக்கும் அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

இவற்றில் முதலிரண்டையும் கருவி படிக்கும் கோப்பில் வைத்தோம். இக்கருவிகள் பல, வேலை தொடங்கும்போது ஏஜண்ட்ஸ் கோப்பு போன்ற ஒரு குறிப்புக் கோப்பை முதலில் படிக்குமாறு அமைந்துள்ளன. ஓர் உரையாடல் முடிந்து மறுநாள் புதிதாகத் தொடங்கினால், நேற்றுப் பேசியதைப் பொதுவாகக் கருவி கொண்டுவருவதில்லை. கோப்பில் உள்ளதையே கொண்டுவருகிறது. "விடுப்பு என்பது புறப்பட்ட நாள் முதல் திரும்பிய நாள் வரை ஒன்றே, மாத எல்லை அதைப் பிரிக்காது, கழிவு திரும்பிய மாதத்தில்" என்று எழுதி வைத்தபின் கருவி அவ்வாறே நிரலை மாற்றிற்று. ஆகஸ்டு 30 கணக்கை நாங்களே கையால் போட்டு, அந்த விடையைச் சோதனையாகக் கொடுத்தோம். இவ்வாறு சோதனையின் விடை நிரலுக்கு வெளியேயிருந்து வர வேண்டும் என்பது முக்கியம்.

கருவியையே குறிப்பும் எழுதச் சொல்லலாமே எனலாம். என்ன செய்யப்பட்டது என்பதைக் கருவி எழுதட்டும்; அது நிரலிலேயே உள்ளது. ஏன் என்பதை நாம்தாம் எழுத வேண்டும். யாரும் படிக்காத பத்துப் பக்கச் சுருக்கத்தைவிட, நாமே எழுதிய மூன்று வரி மேல்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மாணவர் பெயர், வங்கிக் கணக்கு எண், வருமானச் சான்று விவரம் முதலியவற்றைக் கருவியிடம் தரலாகாது. நாங்கள் கற்பனை எண்களைக் கொண்டே நிரலைச் சோதித்தோம். உண்மைப் பட்டியல் விடுதி அலுவலகக் கணிப்பொறியை விட்டு வெளியே வரவில்லை.

நமக்கு என்ன இருக்கிறது?

நிரலைக் கருவியே எழுதுமாயின் மூன்றாண்டு படித்து வெளியேறும் நமக்கு என்ன வேலை இருக்கும்? இது நம் வகுப்பில் அன்றாடம் எழும் கேள்வி. வீட்டில் பெற்றோரும் கேட்கின்றனர். இதற்கு வெறும் ஆறுதல் மொழி கூற நான் விரும்பவில்லை. எளிய நிரல்களை எழுதும் வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது என்பது கண்கூடு. ஆனால் எங்கள் பணியில் நிரல் எழுதச் சில மணி நேரமே ஆயிற்று. விடுதியின் வழக்கத்தை அறிய ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வார வேலையைக் கருவி செய்யவில்லை. கணக்கரின் அறைக்குச் சென்று, அவர் ஓய்வாக இருக்கும் வேளை அறிந்து, அவர் மொழியில் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றது மனித வேலை.

இவ்வேலை கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு சான்று உண்டா என்று கேட்க வரலாற்றுத் துறையினர் பழகியவர்கள். மொத்தம் சரியாயினும் பகுதி தவறாகலாம் என்பதை வணிகவியல் நண்பர்கள் அறிவர். ஒரு சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறும் என்பதைத் தமிழ்த் துறையினர் சொல்லித்தர வேண்டும். கலைக்கல்லூரியில் இவர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். இந்த வாய்ப்பு பிற இடங்களில் எளிதில் கிடைக்காது.

முடிவுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆனால் சுரைக்காய் வாங்கிய கணக்கு ஏட்டில் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் விடுதியில் கறியே இராது. கருவி விரைவைத் தருகிறது. எந்தத் திசையில் விரைவது என்பதைக் குறிப்பேடு காட்டுகிறது. அத்திசையை அறிந்தவர், பெரும்பாலும் கணிப்பொறி பக்கமே வராத ஒரு கணக்கராகவோ சமையலராகவோ இருப்பார். அவரைத் தேடிச் செல்வது நம் கடமை.

எங்கள் மென்பொருள் இரண்டு மாதமாகக் கணக்கரின் ஏட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடப்பட்டு வருகிறது. இரண்டும் பைசா பிசகாமல் ஒத்து வந்த பின்னரே அதை ஒப்படைப்பதாக இருக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் திட்ட ஏட்டில் நிரலின் அச்சுப்படியோடு முடிவுக் குறிப்புகளையும் ஐயக் குறிப்புகளையும் சேர்க்கச் சொல்லலாம். வாய்மொழித் தேர்விலும் அவற்றிலிருந்தே கேட்கலாம். நிரலின் இருபதாம் வரி என்ன என்று கேட்டால் எவரும் கருவியைக் கேட்டுச் சொல்லிவிடுவர். கழிவுக்கு ஏன் மூன்று நாள் என்று கேட்டால், விடுதிக்கு நடந்து சென்று வந்தவரால் மட்டுமே விடை கூற இயலும்.